நெய் விலக்கிய நோன்பும் எண்ணெய் அருந்திய வேந்தனும்

மேற்குத் தொடர்ச்சி மலையின் கீழ்த்திசை அடிவாரத்தில், ஒன்றுக்கொன்று பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் தூரத்தில் இருக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரும் இராஜபாளையமும், முன்னது பெரியாழ்வாரும் ஆண்டாளும் அவதரித்த க்ஷேத்திரம் என்றும், பின்னது பஞ்சாலைகள் மிகுந்த தொழில் நகரம் என்றும் தனித்தனியே கீர்த்தி பெற்றவையாயினும், நம் முன்னோர் தங்கள் சரீரத்தை எந்த நியமங்களால் பேணினார்கள் என்று ஆராயப் புகுவோர் அவ்விரண்டு ஊர்களையும் ஒருசேரவே நோக்க வேண்டும். நாற்பது வயதைக் கடந்தபின், கைகால்கள் மெலிந்திருக்க வயிறு மட்டும் முன்தள்ளி நிற்கக் காணும் ஆடவரும் பெண்டிரும் இன்று இவ்வூர்களில் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. சோற்றையும் சர்க்கரையையும் எண்ணெயையும் அறவே நீக்கி, சுத்தமான ஆகாரம் என்று பெயரிடப்பட்ட சிலவற்றை மாத்திரம் உண்டு அவ்வயிற்றைக் கரைப்பதா, அன்றிப் பாரம் தூக்கித் தசையை வளர்த்து அதனைக் குறைப்பதா என்பதே அக்கேள்வி. கேள்வி புதியதாகத் தோன்றினும், ஆகாரத்தை விலக்குவதற்கும் பாரத்தைத் தூக்குவதற்கும் இப்பிரதேசத்தில் நெடிய சரித்திரம் இருக்கிறது. அந்தச் சரித்திரத்தில் இரண்டும் ஒன்றையொன்று எதிர்த்து நின்றவை அல்ல என்பதையும், உழைப்பு நம் நாளிலிருந்து நழுவிப்போன பின்னரே வயிறு பொதுஜனங்களின் கவலையாயிற்று என்பதையும் எடுத்துக்காட்டுவதே என் நோக்கம்.

முதலில் நோன்பைக் கவனிப்போம். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் முப்பது பாசுரங்களும் மார்கழி மாதத்து முப்பது நாட்களுக்கு உரியனவாக வைணவ ஆலயங்களில் ஓதப்படுகின்றன. அந்நூலில் ஆயர்பாடிச் சிறுமியர் தங்கள் நோன்பின் நியமங்களைத் தொடக்கத்திலேயே வகுத்துக் கொள்கிறார்கள்: விடியலில் நீராடுவது, நெய்யையும் பாலையும் விலக்குவது, கண்ணுக்கு மையும் கூந்தலுக்கு மலரும் இல்லாதிருப்பது, செய்யத் தகாதவற்றைச் செய்யாதிருப்பது, கோள் சொல்லாதிருப்பது, இரப்பார்க்கு இயன்ற மட்டும் ஈவது. இன்றைய பத்தியக்காரர் இவ்வரிசையை வாசித்தால் முதலில் கண்ணில் படுவது நெய்யும் பாலுமாகத்தான் இருக்கும். ஆனால் விலக்கப்பட்டவற்றுள் உணவு ஒரு பகுதியே என்பதையும், அலங்காரமும் தீச்சொல்லும் அதே வரிசையில் வைத்து விலக்கப்பட்டன என்பதையும், நோன்பின் பயனாக நாடெங்கும் மழை பொழிவது கருதப்பட்டதேயன்றித் தேகத்தின் அளவு எவ்விடத்தும் கருதப்படவில்லை என்பதையும் சேர்த்தே நோக்க வேண்டும்.

அதனினும் முக்கியமான விஷயம், அந்நோன்புக்கு ஒரு முடிவு நாள் இருந்தது என்பது. இருபத்தேழாம் பாசுரத்தில் நோன்பு நிறைவெய்துகிறது. விலக்கிய அணிகலன்களும் ஆடைகளும் திரும்ப வருகின்றன. பாற்சோறு மறையும்படி நெய் வார்க்கப்பட்டு, அது முழங்கை வரை வழிய எல்லோரும் கூடி அமர்ந்து உண்கிறார்கள். பச்சரிசியும் பாசிப்பருப்பும் பாலில் குழைய வெந்து, வெல்லமும் நெய்யும் சேர்ந்த அக்காரவடிசில் அந்த நாளின் பிரசாதமாக இன்றும் விநியோகிக்கப்படுகிறது. திருமாலிருஞ்சோலை அழகருக்கு நூறு தடா வெண்ணெயும் நூறு தடா அக்காரவடிசிலும் சமர்ப்பிப்பதாக ஆண்டாள் நேர்ந்துகொண்டதையும், பன்னெடுங்காலத்துக்குப் பின் இராமாநுஜர் அந்நேர்த்தியை நிறைவேற்றி வைத்துவிட்டு ஸ்ரீவில்லிபுத்தூருக்கு வர, ஆண்டாள் அவரைத் தம் அண்ணனாகவே வரவேற்றாள் என்பதையும் வைணவ சம்பிரதாயம் பேரன்போடு போற்றுகிறது. நெய்யை விலக்கிய பெண்ணே நெய் வழியும் சோற்றைத் தடா தடாவாக நேர்ந்துகொள்கிறாள் என்றால், நெய் அவளுக்குப் பகையாக இருந்ததில்லை என்பது விளங்கும். பிரியமான பொருளாக இருந்தமையாலேயே அதை விடுவது தியாகமாயிற்று. இந்தச் சிறுமியர் உழைப்பற்றவர்களும் அல்லர். பொழுது புலருமுன் தயிர் கடையும் ஓசை அவ்வாய்ப்பாடியில் எழுவதைத் திருப்பாவையே காட்டுகிறது. மத்தைக் கயிற்றால் இழுத்துப் பெருந்தாழித் தயிரைக் கடைவது தோளுக்கும் முதுகுக்கும் இடைக்கும் ஒருங்கே வேலை கொடுக்கும் காரியம் என்பதைக் கடைந்து பார்த்தவர் அறிவர்.

இனி, ஸ்ரீவில்லிபுத்தூரைத் தெலுங்குக் காவியமாக்கிய ஒரு சக்கரவர்த்தியிடம் வருவோம். 1509 முதல் 1529 வரை விஜயநகரத்தை ஆண்ட கிருஷ்ணதேவராயர், பெரியாழ்வாராகிய விஷ்ணுசித்தரையும் அவர் திருமகளையும் பாடும் ஆமுக்தமால்யதா என்னும் நூலைத் தெலுங்கில் இயற்றினார். அந்நூலின் முற்பகுதியில் ஸ்ரீவில்லிபுத்தூரில் விஷ்ணுசித்தர் வழிப்போக்கராக வரும் பாகவதர்களுக்கு அன்னமிடும் சிறப்பு வர்ணிக்கப்படுகிறது. மழைக்காலத்தில் சூடான சோறும் பருப்பும் பொரித்த காய்களும் வடகமும் தயிரும், கோடையில் இளஞ்சூட்டுச் சோறும் இனித்த ரசமும் நீர்மோரும் கருப்பஞ்சாறும் இளநீரும், பனிக்காலத்தில் மிளகு உறைக்கும் கறிகளும் கடுகின் காரம் மூக்கில் ஏறும் ஊறுகாயும் உருக்கிய நெய்யும் காய்ச்சிய பாலும் என்று, பருவத்துக்கு ஏற்ப இலை மாறுகிறது. எந்த ஓர் உணவும் என்றென்றைக்கும் நன்றென்றோ தீதென்றோ அங்கே கூறப்படவில்லை. இந்நாளில் ஒரே பட்டியலைப் பன்னிரண்டு மாதமும் கைக்கொள்ளச் சொல்லும் போதகர்கள் ராயருடைய இந்தப் பகுதியை ஒரு முறையேனும் ஊன்றிப் படித்தல் நலம்.

அந்த இலையைப் பாடிய அவ்வேந்தர் தம் சரீரத்தை எவ்வாறு வைத்திருந்தார் என்பதற்கு நேரில் கண்டவரின் சாட்சியம் இருக்கிறது. 1520-ஆம் ஆண்டையொட்டி விஜயநகரத்துக்கு வந்த டொமிங்கோ பாயெஸ் என்னும் போர்ச்சுகீசியர் எழுதி வைத்த குறிப்பின்படி, ராயர் நாள்தோறும் விடிவதற்கு முன் ஏறக்குறைய முக்கால் பைண்ட், அதாவது அரை லிட்டருக்குச் சற்றுக் குறைந்த அளவு, நல்லெண்ணெய் அருந்துவார். அதே எண்ணெயை மேனி முழுவதும் பூசிக்கொண்டு, இடையில் சிறு துணி மட்டும் தரித்து, மண்ணாற் செய்த பெரிய பாரங்களைக் கைகளில் ஏந்திப் பயில்வார். பின்னர் வாளெடுத்துச் சுழற்றி, உட்கொண்ட எண்ணெய் அத்தனையும் வேர்வையாக வெளிப்படும் வரை அப்பியாசம் செய்வார். அதன்பின் தம் மல்லர்களுள் ஒருவரோடு மற்போர் புரிவார். அதுவும் முடிந்தபின் குதிரையேறி வெளியெங்கும் ஓட்டுவார். இவையெல்லாம் பொழுது விடிவதற்குள் முடிந்துவிடும். எண்ணெய் வேர்வையாகி வெளிப்படும் என்ற கருத்தை இன்றைய சரீர சாஸ்திரம் ஏற்காது. நான் வியப்பது இந்த அப்பியாசத்தின் ஒழுங்கை. பாரம் முதலில், வாள் அடுத்து, மல் அதன்பின், குதிரை இறுதியில் என்று, தனித்த தசைவலிமையில் தொடங்கி மூச்சு நீடிக்கும் வேலையில் முடியும் அந்த வரிசை, தேர்ந்த ஆசிரியர் ஒருவர் இன்று வகுத்துக் கொடுப்பதினின்றும் அதிகம் வேறுபட்டதன்று.

இதே பாயெஸ் ராயருடைய உருவத்தையும் வர்ணிக்கிறார். நடுத்தர உயரம், செந்நிறம், நல்ல உடற்கட்டு, மெலிந்தவர் என்பதைக் காட்டிலும் சற்றுப் பருத்தவர் என்றே சொல்லத்தக்கவர், முகத்தில் அம்மைத் தழும்புகள் உண்டு என்கிறார். போர்க்களங்களில் தாமே படை நடத்திய அவர் சற்றுப் பருத்திருந்தார் என்னும் இக்குறிப்பு மிகவும் சிந்திக்கத்தக்கது. தேகபலம் என்பது ஒரு பொருள், இடையின் ஒடுக்கம் என்பது வேறு பொருள். முன்னது கைகூடியவரிடம் பின்னது கண்ணுக்குத் தெரியாதிருக்கலாம். விஜயநகர அரண்மனையில் மல்யுத்தம் புரியும் பெண்கள் இருந்தார்கள் என்று, பாயெஸுக்குச் சில ஆண்டுகள் பின்னர் எழுதிய மற்றொரு போர்ச்சுகீசியராகிய நூனிஸ் தெரிவிக்கிறார். பாரம் தூக்குதல் பெண்களுக்கு ஆகாது என்று தயங்கும் குடும்பங்களுக்கு நம் சரித்திரமே அளிக்கும் விடை அது.

விஜயநகரப் படைகளோடு தெற்கே வந்து குடியேறியவர்கள் என்பது இராஜபாளையத்து ராஜுக்களின் வம்ச மரபு. வீட்டில் தெலுங்கும் வீதியில் தமிழுமாக வாழும் அச்சமூகத்தாரின் பெயராலேயே அவ்வூர் விளங்குகிறது. வெண்ணிற மேனியும் இளஞ்சிவப்பு மூக்கும் உடைய இராஜபாளையம் நாயைக் காட்டுப்பன்றி வேட்டைக்கென்று பழக்கிய ஊர் அது. நாயோடு மலையடிவாரக் காட்டில் ஓடி வேட்டையாடியவர்க்குத் தேகப்பயிற்சியைத் தனியாக எவரும் உபதேசிக்க வேண்டியிருந்திராது. அவ்வூரைச் சுற்றிய தென்பாண்டிச் சீமையில் சாமானிய ஜனங்களுக்கும் தங்களுக்கென ஓர் அப்பியாசம் இருந்தது. தண்டாலும் பஸ்கியும் கர்லாக்கட்டையும் சிலம்பமும் கற்றுத்தரும் வாத்தியார்கள் ஒருபுறமிருக்க, கோயில் முன்னும் ஊர்ச் சாவடியின் முன்னும் கிடந்த உருண்டை வடிவமான இளவட்டக்கல், எந்த வாத்தியாரும் இல்லாமலே தலைமுறை தலைமுறையாக வாலிபர்களைப் பழக்கியது.

அந்தக் கல்லைத் தூக்கும் முறையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். பிடியோ கயிறோ இல்லாத வழவழப்பான கல் அது. இளைஞன் குந்தி அமர்ந்து இரு கைகளாலும் அதை அணைத்து, முதலில் முழங்கால் மேல் ஏற்றி, அங்கிருந்து வயிற்றோடும் நெஞ்சோடும் ஒட்டி நிமிர்ந்து, தோளுக்குக் கொண்டுபோய், முதுகுக்குப் பின்னால் உருட்டி எறிய வேண்டும். இதைச் செய்து காட்டியவனுக்கே பெண் கொடுப்போம் என்ற வழக்கு இருந்ததாகப் பல கிராமங்களில் சொல்லப்படுவதால் அதற்குக் கல்யாணக்கல் என்றும் பெயர் வழங்கிற்று. தொடை, பிருஷ்டம், முதுகு, வயிறு, தோள், முன்கை என்று தேகத்தின் பெருந்தசைகள் அனைத்தும் ஒரே முயற்சியில் இயங்கும் இத்தகைய பயிற்சியைக் காட்டிலும் பூரணமான ஒன்றை அயல்நாட்டு இயந்திரங்கள் எதுவும் நமக்குத் தந்துவிடவில்லை என்பது என் துணிபு. திருநெல்வேலி மாவட்டத்து வடலிவிளையில் பொங்கலையொட்டி இன்றும் நடைபெறும் போட்டியில், சிறியதிலிருந்து நூறு கிலோவுக்கு மேற்பட்டது வரை படிப்படியாகக் கனம் கூடும் பல கற்கள் வைக்கப்படுகின்றன. பாரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டிச் செல்வதே தசை வளர்வதற்கு ஏது என்னும் தத்துவத்தை அக்கற்களின் வரிசை எவ்விதச் சாஸ்திரப் பெயரும் இன்றி உள்ளடக்கியிருக்கிறது.

கர்லாக்கட்டையின் யாத்திரை இன்னும் விந்தையானது. இந்தியாவில் அதைக் கண்ட ஆங்கிலேய ராணுவத்தார் பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலே அதைத் தங்கள் நாட்டுக்குக் கொண்டுபோனார்கள். 1834-இல் லண்டனில் வெளிவந்த டொனால்டு வாக்கரின் தேகப்பயிற்சி நூலில் அதற்கு இடம் கிடைத்தது. 1904, 1932 ஆகிய ஆண்டுகளின் ஒலிம்பிக் பந்தயங்களில் கட்டை சுழற்றுவது ஒரு போட்டியாகவே நடந்தது. நம் கட்டை கடல் கடந்து கௌரவம் பெற்றுவந்த அதே காலத்தில், 1904-05-இல் இந்தியாவில் சுற்றுப்பயணம் செய்த பயில்வான் யூஜின் சாண்டோவின் புகழால் இரும்புக் குண்டு இங்கே மோகத்தை உண்டாக்கிற்று. 1920-இல் ஹாரி குரோ பக் சென்னையில் நிறுவிய ஒய்.எம்.சி.ஏ. தேகப்பயிற்சிக் கல்லூரியில் பயின்ற ஆசிரியர்கள் பள்ளிகளுக்குப் பந்து விளையாட்டையும் டிரில்லையும் கொண்டுவந்தார்கள். அது பெரும் நன்மையே. எனினும் அந்தக் கல்வியில் இளவட்டக்கல்லுக்கு உரிய இடம் கிடைத்திருக்குமாயின், ஊர்தோறும் அக்கற்கள் புதைந்தும் வாசற்படியாகியும் போயிரா என்று எண்ணி நான் வருந்துவதுண்டு.

பலத்தைப் பற்றிப் பேசும்போது பசியை மறந்துவிடலாகாது. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடியபோது, நிவாரண வேலைக்கு வந்தவர்களுக்கு எவ்வளவு தானியம் போதும் என்பது பற்றி 1877-இல் கடுமையான விவாதம் நிகழ்ந்தது. இந்திய அரசாங்கம் அனுப்பிய சர் ரிச்சர்டு டெம்பிள், கல்லுடைத்து மண் சுமக்கும் ஆண்மகனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது சுமார் 450 கிராம், தானியத்துக்கு ஈடான கூலி போதும் என்றார். சென்னையின் சுகாதார கமிஷனராகிய டாக்டர் கார்னிஷ், அந்த அளவில் கடின உழைப்புச் செய்பவனின் தேகம் தன்னையே தின்று அழியும் என்றும், ஒன்றரைப் பவுண்டும் அதனோடு பருப்பும் காய்களும் வேண்டும் என்றும் வாதாடினார். அந்த வாதத்தில் நியாயம் கார்னிஷின் பக்கமே இருந்தது. பின்னர்க் கூலியின் அளவு கூட்டப்பட்டது. வேலை வேண்டும், ஆனால் வேலைக்குத் தக்க அன்னமும், அந்த அன்னத்தில் பருப்பும் வேண்டும் என்று அவர் அன்று வற்புறுத்தியதை, இரண்டு தோசையைக்கூட அச்சத்தோடு நோக்கிக்கொண்டு உடற்பயிற்சிக் கூடத்துக்குச் செல்லும் இன்றைய இளைஞர்க்கும் அப்படியே சொல்லலாம்.

பசி அருகிலேயே நின்ற அந்தக் காலத்தில் தொந்தி என்பது செல்வத்தின் அடையாளமாக மதிக்கப்பட்டதில் ஆச்சரியமில்லை. பெரும்பாலோர்க்கு அது வாய்க்கவும் இல்லை. கரிசல் நிலத்தில் விளைந்த கம்பும் சோளமும் குதிரைவாலியுமே நித்திய ஆகாரம். நெல்லுச்சோறு பண்டிகைக்கு உரியது. ஆண்கள் கமலை இறைத்தார்கள், ஏர் பிடித்தார்கள், மூட்டை சுமந்தார்கள். பெண்கள் உலக்கை பிடித்துக் குத்தினார்கள், திருகை சுற்றினார்கள், ஆட்டுக்கல்லில் மாவரைத்தார்கள், இடுப்பிலும் தலையிலும் குடங்களை ஏற்றி நடந்தார்கள். ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெரிய தேரின் வடத்தைப் பிடிக்கச் சுற்றுக் கிராமத்து ஜனங்கள் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். மரச்சக்கரங்களோடு அத்தேர் நகர்ந்த காலத்தில் அது நிலைக்கு வந்து சேரப் பல நாட்கள் சென்றன. இப்போது இரும்புச் சக்கரமும் நவீன விசைத்தடையும் பொருத்தப்பட்டிருப்பதால் அந்தச் சிரமம் வெகுவாகக் குறைந்துவிட்டது. தேருக்கு நேர்ந்த மாறுதலே வீட்டுக்கும் வயலுக்கும் நேர்ந்தது.

அந்த மாறுதலின் ஆண்டுகளை ஓரளவு திட்டமாகவே குறிப்பிடலாம். 1936-இல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா இராஜபாளையம் மில்லை நிறுவினார். வயலை நம்பியிருந்த குடும்பங்களுக்கு மாதச் சம்பளமும், பொழுதுக்கும் பருவத்துக்கும் கட்டுப்படாத மூன்று ஷிப்டு வேலையும் வந்தன. 1944-இல் பாபநாசம் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கியபின் தென்மாவட்டங்களில் மின்சாரம் பரவியது. பம்புசெட்டு கமலையை ஓய்வித்தது, அரிசி ஆலை உலக்கையை ஓய்வித்தது. 1955-இல் கோயம்புத்தூரில் பி. சபாபதி உருவாக்கிய மின் ஆட்டுக்கல் நாளடைவில் வீட்டு ஆட்டுக்கல்லையும் ஓய்வித்தது. இவற்றையெல்லாம் நான் பழிக்கவில்லை. கமலை ஓட்டி நெஞ்சு வற்றியவர்களும், உலக்கை பிடித்துக் கை காய்த்த பெண்களும் பெற்ற விடுதலை அது. அதைத் திரும்பப் பறிக்க எவருக்கும் உரிமையில்லை. ஆனால் கை ஓய்ந்ததே தவிர இலை சிறுக்கவில்லை. நியாயவிலை அரிசி எட்டிய வீடுகளில் குதிரைவாலி மறைந்து மூன்று வேளையும் வெள்ளைச் சோறாயிற்று; பருப்பும் பயறும் அதற்கேற்ப வளரவில்லை. பால் கூட்டுறவுகள் செழித்த ஸ்ரீவில்லிபுத்தூரில், விறகடுப்பில் பாலும் சர்க்கரையும் சுண்டிப் பக்குவமாகும் பால்கோவா விசேஷப் பண்டமாக இருந்த நிலை மாறி, பஸ் நிலையத்தில் இறங்குவோர் ஏறுவோர் எல்லோர் கையிலும் எந்நாளும் கிடைப்பதாயிற்று. 2019-இல் அதற்குப் புவிசார் குறியீடு கிடைத்தது ஊருக்குப் பெருமையே.

இவ்வளவின் விளைவு என்னவென்பதை வைத்திய சாஸ்திரம் அளந்து சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னை நீரிழிவு ஆராய்ச்சி நிலையமும் தேசம் முழுவதும் நடத்தி 2023-இல் வெளியிட்ட ஆய்வில், வயது வந்தோரில் நூற்றுக்கு 39.5 பேருக்கு வயிற்றுப் பருமன் இருப்பதாகத் தெரியவந்தது. எடை குறைந்தவராய்த் தோன்றுவோர்க்கும் இந்த ஆபத்து உண்டு. 2004-இல் புனே நகரத்து டாக்டர் யாஜ்னிக் தம்மையும் தம் ஆங்கிலேய நண்பர் யுட்கினையும் ஒப்பிட்டு லான்செட் பத்திரிகையில் வெளியிட்ட குறிப்பில், உயரத்துக்கும் எடைக்குமான விகிதம் இருவருக்கும் ஒன்றாகவே 22.3 ஆக இருந்தும், ஆங்கிலேயரின் தேகத்தில் கொழுப்பு நூற்றுக்கு 9.1 பங்கும் இந்தியரின் தேகத்தில் 21.2 பங்கும் இருந்தது. மெலிந்த கைகாலும் பருத்த வயிறும் சேர்ந்த நம்மவர் உருவத்துக்கு இதுவே விளக்கம். தசை குறைவு, கொழுப்பு மிகுதி என்னும் இரண்டு குறைகள் நமக்கு ஒருங்கே உண்டு. ஆகாரத்தை மட்டும் குறைப்பது இரண்டாவதற்கு மருந்தாகலாம், முதலாவதை அது மேலும் மோசமாக்கும்.

இதற்குச் சான்றாக அமெரிக்காவில் மின்னசோட்டா சர்வகலாசாலையில் ஆன்சல் கீஸ் 1944-45-இல் நடத்திய பரிசோதனையைச் சொல்லலாம். போரில் ஆயுதம் ஏந்த மறுத்த 36 இளைஞர்கள் மனமுவந்து அதற்கு உட்பட்டார்கள். நாளொன்றுக்குச் சுமார் 1,600 கலோரி உணவோடு 24 வாரங்கள் இருந்ததில் அவர்களுடைய எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு குறைந்தது, கொழுப்போடு தசையும் கரைந்தது, பலம் குன்றியது, சித்தம் முழுவதையும் உணவைப் பற்றிய நினைவே ஆட்கொண்டது. மறுபடி வேண்டிய மட்டும் உண்ண அனுமதித்தபோது, தசை முழுவதும் மீள்வதற்கு முன்பே கொழுப்பு முன்னிருந்த அளவையும் கடந்து சேர்ந்தது. பேலியோ, கீட்டோ என்று பெயர் மாறி மாறி வரும் நியமங்களை முடிவு நாள் எதுவும் இன்றி மேற்கொண்டு, சில மாதங்களில் களைத்து, விட்டபின் முன்னினும் பருத்த வயிற்றோடு திரும்பும் நம்மவர் பலருடைய கதை இதுவே. மார்கழிச் சிறுமியர்க்கு இருபத்தேழாம் நாள் இருந்தது. இவர்களுக்கு அத்தகைய நாள் இல்லை. கூடி உண்பதும் இல்லை. குடும்பத்தார் ஒரு இலையிலும் தாம் வேறு தட்டிலுமாகப் பிரிந்து அமர்கிறார்கள்.

பாரம் தூக்குவோர் பக்கத்திலும் ஒரு மயக்கம் உண்டு. அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். வயிற்றுக்கென்றே நூறு முறை குனிந்து நிமிர்ந்தால் அவ்விடத்துக் கொழுப்பு மாத்திரம் கரையும் என்பது தவறு. 1971-இல் அமெரிக்காவில் டென்னிஸ் ஆட்டக்காரர்களின் இரு கைகளையும் அளந்து பார்த்ததில், ஓயாமல் மட்டையைப் பிடித்த கையில் தசை பெருத்திருந்ததே அல்லாமல், தோலுக்கடியில் இருந்த கொழுப்பின் கனம் இரு கைகளிலும் ஒன்றாகவே இருந்தது. தேகம் தன் சேமிப்பைத் தன் சித்தப்படியே எங்கிருந்தும் எடுக்கும். உண்பது செலவழிப்பதைக் காட்டிலும் சற்றேனும் குறைந்தால்தான் எடுக்கும். ஆயின் உணவு சிறிது குறையும் அந்நாட்களில் தசையைக் காப்பாற்றுவது பாரமே. உணவிலிருந்து இரத்தத்தில் ஏறும் சர்க்கரையை வாங்கிக்கொள்ளும் பெரிய களஞ்சியமும் தசையே. குடலையும் ஈரலையும் சுற்றிப் படிந்த கொழுப்பு, தோலுக்கடியில் உள்ளதைக் காட்டிலும் சீக்கிரமாகவே இத்தகைய முயற்சிக்கு இணங்குகிறது. ஆதலால் கடுமையான விலக்குகளா, பலப்பயிற்சியா என்று என்னைக் கேட்பவர்க்கு, வீட்டாரோடு உண்ணும் சாதாரண ஆகாரத்தைச் சற்றே சுருக்கிக்கொண்டு பாரத்தைத் தூக்குங்கள் என்பதே நான் தயக்கமின்றிச் சொல்லும் விடை.

இவ்விரு ஊராருக்கும் அதற்கு வேண்டிய சாதனங்கள் அருகிலேயே இருக்கின்றன. வாரத்தில் இரண்டு நாட்களுக்குக் குறையாமல் பெருந்தசைகளுக்குப் பயிற்சி வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. தண்டாலும் பஸ்கியும் கர்லாவும் அறிந்த ஒருவர் அதற்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. வயதானவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு பஸ்கி போடலாம். பெண்கள் மணல் நிரப்பிய குடத்தைத் தரையிலிருந்து இடுப்புக்கு ஏற்றி இறக்கலாம். வடலிவிளையில் அண்மை ஆண்டுகளில் பெண்களும் இளவட்டக்கல்லைத் தூக்குகிறார்கள். குடலிறக்கமோ இருதய நோயோ முற்றிய மூட்டுவலியோ உள்ளவர் மட்டும் வைத்தியரைக் கேட்டே தொடங்க வேண்டும். ஆகாரத்தில் வெள்ளைச் சோற்றின் அளவைக் குறைத்து, அந்த இடத்தில் மொச்சையும் தட்டைப்பயறும் பாசிப்பயறும், உண்பவர்க்கு முட்டையும் மீனும், ஒருவேளை குதிரைவாலியும் வருமாயின், ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்கு 0.83 கிராம் புரதம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் பரிந்துரைத்த அளவு எளிதில் நிறையும். பால்கோவா வெள்ளிக்கிழமைக்கோ திருவிழாவுக்கோ உரியதாக மீளட்டும். மார்கழியில் நோன்பிருப்பவர் நோன்பாகவே இருக்கட்டும். இருபத்தேழாம் நாளாகிய கூடாரவல்லியன்று நெய்யொழுகும் அக்காரவடிசிலை மனக்குறையின்றி உண்ணட்டும். அளப்பதற்கு எடைக் கருவியைவிடத் தையற்காரரின் நாடாவே மேல்: நம்மவர்க்கு ஆண்களாயின் 90 சென்டிமீட்டரும் பெண்களாயின் 80 சென்டிமீட்டரும் இடுப்புச் சுற்றின் எல்லை. மாதம் ஒருமுறை அளந்தால் போதும். எடை சிறிதும் அசையாதிருக்கையிலேயே நாடா இரண்டு விரற்கடை குறைந்து காட்டுமாயின், உள்ளே கொழுப்பு இறங்கித் தசை ஏறியிருக்கிறது என்று கொள்ளலாம்.